எந்தக் காலத்துக்கும் ஏற்ற சைக்கிள்

ஜூன் 9

ஆஸ்பத்திரி வேன் இன்றோடு நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தை விடியும்போதே திறக்க வேண்டியவள் நான். முதல் பஸ் வருவதோ அதற்கும் பிறகு. மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "மழையோ பனியோ, கதவு திறந்திருக்கணும். வருஷக் கடைசி வரைக்கும் ஒழுங்கா வந்துட்டா உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதறேன். இல்லேன்னா ஒப்பந்தம் முடியுது, அவ்வளவுதான்." மிரட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மாடிப்படிக்குக் கீழே என் பழைய சைக்கிள் கிடக்கிறது. காற்றடித்தால் ஓடும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதைக் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

ஜூன் 10

சைக்கிள் மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டது. அங்கே எங்கள் வீட்டுப் பின்னறையில் தலைகீழாக நிற்கிறது.

என் கணவர் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிறவர். அதாவது, வீட்டில் உட்கார்ந்தபடி அடுத்தவர் வேலை எங்கெங்கே கெட்டுப்போகும் என்று படம் போட்டு விளக்குகிறவர். சைக்கிளுக்கும் ஒரு படம் போட்டிருக்கிறார். "சும்மா ஏறி மிதிச்சா போதாதும்மா. வருஷம் பூரா நம்பிப் போகணும்னா, ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு தயாரா இருக்கணும்."

பெண் பார்க்க வந்தபோது யாரும் எனக்கு இந்த யோசனையைச் சொல்லவில்லை.

ஜூன் 24

இன்னும் நடந்துதான் போகிறேன். இருட்டில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். கூடத்தைத் திறக்கும்போதே கால் கெஞ்சுகிறது. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரிக்கிறார்கள்.

பின்னறை நிலவரம்: முன்னால் இரண்டு விளக்கு—ஒன்று சக்கரம் சுற்றினால் எரியும், ஒன்று பேட்டரியில். பெல் இரண்டு. கண்ணாடி இரண்டு. பக்கத்துக்கு ஒன்றாக நனையாத பெட்டி. குடையைச் செருக ஒரு குழாய். அடிக்கிற காற்றில் குடையை விரித்துக்கொண்டு போனால் ஆஸ்பத்திரிக்கு நான் ஊழியராகப் போய்ச் சேர மாட்டேன், நோயாளியாகத்தான் போவேன்.

ஜூலை 6

வண்டி தயார். படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். நாத்தனார் போன் செய்து, "அண்ணி, நீங்க குடுத்து வச்சவங்க" என்றாள்.

ஆமாம். எனக்குக் கொடுத்துவைத்தது மூன்றாம் மாடியில் நிற்கிறது.

ஜூலை 7

வண்டி அறையைவிட்டு வெளியே வரவில்லை. கதவைவிடச் சைக்கிள் அகலம்.

நேராகத் தள்ளினார், சாய்த்துத் தள்ளினார், பின்பக்கமாக இழுத்தார். அப்புறம் டேப்பை எடுத்துக் கதவை அளந்தார், என்னவோ கதவுதான் தப்புச் செய்த மாதிரி. "உள்ளே வரும்போது வந்துச்சே!" என்றார்.

"வரும்போது அது சைக்கிளா இருந்துச்சு."

ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, கீழே கொண்டுபோய் மறுபடி மாட்டி—நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்து வாசலில் வரிசை. எல்லோரும் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள். அவர்கள் என்னை என்னவெல்லாம் சொன்னார்கள் என்று எழுத மாட்டேன். மேற்பார்வையாளர் அம்மா சொன்னது ஒன்றுதான்: "இதுவே கடைசியா இருக்கட்டும்."

குழாய்கள் கழுவுகிற அறையில் நின்று அழுதேன். வேலை போயிருக்கும்டா சாமி. ஒரு கதவால போயிருக்கும்.

ஜூலை 9

நல்ல வேளை, வண்டி இனி படிக்குக் கீழேயே நிற்கும். ஆனால் என்ன கனம்! எருமையை மிதித்து ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசல் காவலாளி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீடு மாறிப் போறீங்களாம்மா?" என்று கேட்டார்.

ஜூலை 20

இன்று ஒரு காரியம் செய்தேன். காவலாளியிடம் ஸ்பேனர் வாங்கி, குடைக் குழாயைக் கழற்றி, ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்திருக்கிற அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன். சாயங்காலம் என் கணவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எப்படி நிக்குது பாரு, கம்பீரமா!" என்றார்.

குழாயைக் காணவில்லை என்பது கண்ணில் படவே இல்லை.

ஆகஸ்ட் 11

இடது பெல். கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 30

பேட்டரி விளக்கும் ஒரு கண்ணாடியும் போயின. இன்று இரண்டு பெட்டிகள். அவ்வளவு பெரிய பெட்டிகள்! மனுஷன் கண்ணை எங்கே அடகு வைத்திருக்கிறார்? என் அலமாரியில் இப்போது என் துணிக்கு இடமில்லை.

அக்டோபர் 17

நாள் முழுக்க மழை. நியாயத்தையும் எழுதத்தான் வேண்டும்: அவர் போட்ட தடித்த டயர் வழுக்கவில்லை. சகதி மட்கார்டைத் தாண்டி மேலே வரவில்லை. செயினுக்கு மூடி இருப்பதால் உடுப்பில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. சக்கரத்து விளக்கு எரிந்துகொண்டே வந்தது. மற்றதெல்லாம் கழன்ற பிறகு, மிஞ்சியது நல்ல வண்டிதான்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு ஒரு விளக்கம் வரும்.

நவம்பர் 15

நாத்தனார் வீட்டில் மதியச் சாப்பாடு. வந்திருந்தவர்களிடமெல்லாம் என் கணவர் அளந்த அளப்பு இருக்கிறதே! "ஒரு நாள் ஏமாத்துச்சா கேளுங்க. நான் போட்டது எல்லாம் அப்படியே இருக்கு, ஒரு நட்டு மாத்தல." முகத்தில் ஒரு சலனம் இல்லை. நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். சிரித்தால் மாட்டிக்கொள்வேன்.

டிசம்பர் 13

கை மரத்துப்போகிற குளிர். வண்டியைத் துடைக்கும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. குடைக் குழாய் இருந்த ஓட்டையில் ஒரு குட்டி போல்ட். அதன் மேல் கறுப்புப் பெயின்ட் தொட்டு வைத்திருக்கிறது. பெட்டிகள் இருந்த இடத்தில் பார்த்தேன், அங்கேயும் அப்படியே. எல்லா ஓட்டையும் அடைபட்டிருக்கிறது.

நான் கழற்றினேனே தவிர எதையும் அடைக்கவில்லை. ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே துருப்பிடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தோன்றக்கூட இல்லை.

அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. நான் ஒன்றைக் கழற்ற, பின்னாலேயே வந்து அடைத்திருக்கிறார். அன்றைக்கு நாத்தனார் வீட்டில் அத்தனை பேர் முன்னால் எல்லாம் அப்படியே இருக்கிறது என்று சொன்னாரே—அதுவும் தெரிந்துதான்.

முதலில் கோபம்தான் வந்தது. ஏமாற்றியது நான், ஏமாந்ததும் நானேவா? இத்தனை மாசமா வாயைத் திறக்காம இருந்திருக்காரே, என்ன ஆளு இவரு! பிறகு படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குக் குளிர் காரணமில்லை.

மேலே போனதும், "வண்டி எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"நீங்க போட்டது எல்லாம் அப்படியே இருக்குங்க."

"இருக்காதா பின்னே!" என்று டீயை நீட்டினார்.

ஜனவரி 12

உத்தரவு வந்துவிட்டது. நிரந்தரம்! அன்றைக்கு அழுத அதே அறையில் போய் நின்று மறுபடி படித்தேன்.

இரண்டாவது பத்தியில்தான் வேடிக்கை. அடுத்த மாதம் முதல் எனக்கு ஆஸ்பத்திரியின் புதுக் கிளையில் வேலை. அது எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. மழையிலும் பனியிலும் மிதித்து மிதித்து, மிதிக்கவே தேவையில்லாத வேலையைச் சம்பாதித்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். "ரொம்ப நல்லது. இனி கஷ்டமில்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப வண்டி?" என்றார். நான் தட்டுகளை எடுத்து வைத்தேன். சாப்பிடும்போது அவர் எதையும் விளக்கவில்லை. ஒரு வார்த்தைகூட. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 19

மேற்பார்வையாளர் அம்மாவைப் பார்த்தேன். என்னோடு வேலை செய்கிறவள் ஒருத்திக்குக் கைக்குழந்தை இருக்கிறது, வீடும் எங்கள் பக்கம்தான். புதுக் கிளையை அவளுக்குக் கொடுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். "அடுத்த தெருவுல வேலை குடுத்தா வேண்டாங்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அவளுக்குக் குழந்தை இருப்பது உண்மை. முழுக் காரணம் அது இல்லை என்பதும் உண்மை. விடியற்காலையில் அந்தச் சாலையில் என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. சக்கரம் சுற்றுகிற சத்தம், என் மூச்சு, முன்னால் கொஞ்சம் வெளிச்சம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "புதுக் கிளைக்கு என்னை அனுப்ப மாட்டாங்களாம். மேலிடத்து முடிவாம்" என்றேன்.

"என்ன அநியாயம்!" என்றார். சொல்லிக்கொண்டே பம்பை எடுத்துக்கொண்டு, காற்றடிக்கப் படியிறங்கிவிட்டார்.