ஷீபாவின் துணி இன்னும் காயவில்லை

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன், அண்ணி. எதிர் சீட்டில் கம்பெனி யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண். சட்டைப் பைக்கு மேலே தைத்திருந்த பெயர்ப் பட்டையில் ஒரு மூலை நூல் விட்டுத் தொங்கியது. வண்டி குலுங்கும்போதெல்லாம் மடங்கி விரிந்தது. அதை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே யாரிடமோ போனில் புலம்பிக்கொண்டு வந்தாள்.

“பேரு பிச்சிக்கினு தொங்குதுடி. இப்பிடியே போனா சூப்பர்வைசர் லைன்ல நிக்க வெச்சிக் கத்துவான்.”

நீங்கள் அந்த ஆட்டோவில் இருந்திருந்தால் அவளை முதலில் திட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பித்திருப்பீர்கள். “நாலு பக்கமும் தைக்கணும். மூணு பக்கம் தைச்சா அது பேரு இல்ல, ஜோப்பு.” எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பீர்கள்! என்னிடமும் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆட்டோ திரும்பிய அந்தச் சாலையில்தான் உங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. இப்போது அங்கே நீளமான ஒரு கிடங்கு. வாசலில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. 1991-இல் அது சவுக்குத் தோப்பு. தோப்புக்கு நடுவே ஓட்டுக் கட்டடங்கள், ஒரு கிரிக்கெட் மைதானம், இங்கிலாந்திலிருந்து வந்து மலைப் பள்ளிகளில் பல காலம் வேலை பார்த்த ஒரு தலைமையாசிரியர். பிள்ளைகளில் பாதிப் பேர் தாம்பரத்திலிருந்து வேனில் வந்து மாலையில் திரும்பிவிடுவார்கள். மீதிப் பேர் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். விடுதியில் தங்கிப் படித்தார்கள். எல்லாமே இங்கிலாந்துப் பள்ளி வழக்கம். சித்திரை வெயிலிலும் கழுத்தில் டை. நாலு மணிக்கு டீ. சாப்பிடும் முன் எழுந்து நின்று ஜெபம். சின்னப் பெண்களின் விடுதிக்கு நீங்கள் மேட்ரன்.

அண்ணனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. நான் உங்கள் வீட்டு மாடியில் தங்கி, இந்த வட்டாரச் செய்திகளை மொபெட்டில் சுற்றிச் சேகரித்து, தபால் ஆபீஸ் போனில் சென்னைப் பத்திரிகை ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் சனிக்கிழமை மாலைதான் வீட்டுக்கு வருவீர்கள். மற்ற நாட்களில் நான் பள்ளி வழியாகப் போனால், கேட்டில் நின்று ஹாரன் அடித்தால் போதும். கையில் ஊசி, வாயில் நூல், கழுத்தில் யாரோ ஒரு பிள்ளையின் சாக்ஸ் என்று வெளியே வருவீர்கள்.

ஊசியும் நூலும்தான் அந்த வேலையே. விடுதிப் பிள்ளையின் ஒவ்வொரு துணியிலும், கைக்குட்டையிலும்கூட, சிவப்பு நூலில் பெயர் நெய்த வெள்ளை நாடா இருக்க வேண்டும். சட்டை என்றால் காலரின் உள்பக்கம். சலவைக்குப் போய் வருகிற மூட்டையில் எது யாருடையது என்று அந்த நாடாதான் சொல்லும். ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் மேட்ரன் துணிகளைச் சரிபார்த்து நாடாக்களைப் பிரித்துவிட வேண்டும். யூனிஃபார்ம் பொது அலமாரிக்குப் போகும். நீங்கள் அதைச் செய்து முடித்துச் சொன்ன பிறகுதான் ஆபீசில் அந்தப் பெயரை அடிப்பார்கள், கட்டிலை வேறு பிள்ளைக்குக் கொடுப்பார்கள். தைப்பது உங்களுக்குப் பிடித்த வேலை. பிரிக்கிற அன்று மட்டும் யாரிடமும் சரியாகப் பேச மாட்டீர்கள்.

அந்த வருஷம் தை மாதம் வளைகுடாவில் போர் தொடங்கியது. உங்கள் விடுதியில் இருந்த ஷீபாவுக்கு அப்போது எட்டு வயது. நாகர்கோவில் குடும்பம், அம்மா குவைத்தில் நர்ஸ், அப்பா அங்கே எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். மற்றவர்கள் ஊர் திரும்பியபோது வார்டை விட்டு வர மாட்டேன் என்று அம்மா தங்கிவிட்டார். அவரை விட்டு அப்பாவும் வரவில்லை. ஊர் திரும்பிய ஒருவர் மூலம் ஒரே ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

பள்ளியில் கொண்டுவந்து விட்ட அன்று அம்மா சொல்லியிருந்தாராம்: “லீவுக்கு இதே கேட்டுக்குத்தான் வருவேன். நீ இங்கயே நில்லு.” விளையாட்டு நேரத்தில் மற்றவர்கள் மைதானத்துக்கு ஓட, அந்தக் குழந்தை கேட்டுக்கு வந்துவிடும்.

“இன்னா தம்பி, குவைத்துல இன்னா நியூசு?” என்று தினமும் கேட்பீர்கள். சென்னை ஆபீசில் கேட்டதைச் சொல்வேன். அங்கே தங்கிவிட்ட நம் ஊர்க்காரர்கள் நிலை பற்றி உறுதியாக எதுவும் தெரியவில்லை என்பேன்.

“உறுதியா, உறுதியா! பேப்பர்ல மட்டும் ‘என்று தெரிகிறது’ன்னு எழுதறியே. அந்த மாதிரி ஒண்ணு அதுகிட்ட சொல்லேன்.”

“தெரிஞ்சாதானே அண்ணி அப்படி எழுத முடியும்?”

“போடா, பெரிய அரிச்சந்திரன்” என்று சாக்ஸை என் மேல் எறிந்தீர்கள். ஆனால் நீங்களும் அவளிடம் பொய் சொல்லவில்லை. “இன்னும் தெரியல, கண்ணு” என்றுதான் கடைசிவரை சொன்னீர்கள்.

மாசியில் ஷீபாவின் சித்தப்பாவிடமிருந்து பள்ளி ஆபீசுக்குத் தகவல் வந்தது. சென்னையில் அவர்தான் அவளுக்குக் கார்டியன். இனி அவளைப் பள்ளியில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை, நாகர்கோவிலுக்கு அனுப்பிவிடுகிறேன், சனிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்றார். கெட்டவர் இல்லை. வீட்டில் நாலு பிள்ளைகள், தன் அண்ணனுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயம் வேறு. தலைமையாசிரியர் உங்களைக் கூப்பிட்டுத் துணிகளைச் சரிபார்க்கச் சொன்னார்.

நீங்கள் அவளுடைய துணி அத்தனையையும் வாரி மூட்டையாகக் கட்டி, வல்லக்கோட்டையில் இருந்த சலவைக்காரக் கன்னியம்மாவிடம் கொடுத்தீர்கள். “நான் சொல்ற வரிக்கும் இந்த மூட்டை மட்டும் திரும்பி வரக் கூடாது” என்றீர்கள்.

சனிக்கிழமை சித்தப்பா வந்தார். துணி சலவைக்குப் போயிருக்கிறது, கணக்குப் பார்க்காமல் பிள்ளையை அனுப்பும் வழக்கம் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினீர்கள். அடுத்த வாரமும் வந்தார். இன்னும் காயவில்லை என்றீர்கள்.

“ஏம்மா, இந்த வெயில்ல ஒரு வாரமாக் காயாத துணி எந்த ஊர்ல இருக்கு? கம்பளியா, காண்டாமிருகத் தோலா?”

“எங்க ஊர்ல பனி ஜாஸ்தி சார்.”

இதை நீங்கள் நடித்துக் காட்டியபோது நானும் அண்ணனும் சாப்பிட முடியாமல் சிரித்தோம். நீங்கள்தான் சிரிக்கவில்லை. “இன்னும் எத்தினி வாரம் ஓட்ட முடியும், தம்பி?” என்றீர்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் யோசிக்கவில்லை. அத்தனை துணியும் வல்லக்கோட்டையில் இருந்தால் ஷீபா எதைப் போட்டுக்கொள்வாள்? மற்றப் பெண்களின் துணியை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டீர்கள். ஒருநாள் காலை வரிசையில், புதிதாக வந்த டீச்சர் ஒருவர் அவள் காலரைத் திருப்பி நாடாவைப் படித்து, அதில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவளும் பேசாமல் அந்தப் பெயருக்குக் கையைத் தூக்கினாள். அன்று மாலை கேட்டில் நான் உங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“மேட்ரன், அம்மா வந்தா எப்பிடிக் கண்டுபிடிப்பாங்க? என் டிரெஸ்ல வேற பேருல்லா இருக்கு.”

உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்தக் கட்டிலில் அவள் பெயர் நிலைக்கட்டும் என்றுதான் இவ்வளவும் செய்தீர்கள். அவள் மேல் இருந்த பெயரையே எடுத்துவிட்டீர்கள்.

“வண்டிய எடு” என்றீர்கள். அதற்குமுன் என் மொபெட்டில் நீங்கள் ஏறியதே இல்லை. ஏரிக்கரை வழியாக வல்லக்கோட்டைக்கு விட்டேன். கோவில் கோபுரம் தெரிந்த இடத்தில், “முருகா, அறிவு கெட்டவளா ஆயிட்டனே” என்றீர்கள்.

கன்னியம்மா மூட்டையை எடுத்து வந்து உங்கள் கையில் கொடுத்தாள். “இந்தா எடுத்துக்கினு போ. சும்மா கீதேன்னு மூணு தபா தோய்ச்சி மூணு தபா தேய்ச்சிட்டேன். இன்னொரு தபா தோய்ச்சா துணி போயி நாடாதான் மிஞ்சும்.”

மறுநாள் சனிக்கிழமை. சித்தப்பா தலைமையாசிரியரின் அறையில் உட்கார்ந்திருந்தார். நான் விளையாட்டு விழாச் செய்திக்காக அங்கே போயிருந்தேன். நீங்கள் மூட்டையோடு உள்ளே வந்து அதைத் தலைமையாசிரியரின் மேஜையில் வைத்தீர்கள். அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது. உங்களுக்கு இங்கிலீஷ் புரியும், பேச மாட்டீர்கள்.

“துணி எப்பவோ காஞ்சிருச்சி, சார். நான்தான் ஒளிச்சி வெச்சேன். வேலைய வுட்டுப் போன்னா போறேன். ஆனா இந்த நாடாவை நான் பிரிக்க மாட்டேன். அவங்கம்மா இந்த கேட்டுக்குத்தான் வர்றேன்னு சொல்லிக்கீது. வந்து, புள்ள எங்கேன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: “துணிகளைச் சரிபார்க்கத்தான் சொன்னேன். இன்று வேண்டாம். இந்தப் பருவம் முடிகிறவரை சலவை நடக்கட்டும். வல்லக்கோட்டையில் பனி அதிகம் என்று கேள்விப்பட்டேன்.”

அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது! நீங்கள் திகைத்து நின்றீர்கள். உங்களுக்குப் புரியவில்லையோ என்று நான் மொழிபெயர்க்க வாய் திறந்தேன். அதற்குள் சித்தப்பா கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு மட்டும் அவளக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு ஆசையாம்மா? கூட்டிக்கிட்டுப் போனா, எங்கண்ணன் இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல” என்றார். அவருக்கு டீ கொண்டுவந்தது நீங்கள்தான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுவிட்டீர்கள்.

போர் முடிந்தது. செய்தி மெல்ல மெல்ல வந்தது. பங்குனியில் ஒரு நாள் பிற்பகல், நான் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திரும்பும்போது கேட்டில் ஒரு வாடகைக் கார் நின்றது. யாரோ கொடுத்த, அளவு சேராத ஜாக்கெட் போட்டுக்கொண்டு மெலிந்த ஒரு பெண் காவலாளியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். தோப்புப் பக்கத்திலிருந்து ஷீபா வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். கிட்டே வந்ததும் திரும்பி நின்று, காலரைக் கீழே இழுத்துக் காட்டினாள்.

“அம்மா, என் பேருதான். பாரு.”

நீங்கள் உள்ளே ஓடிப்போய்விட்டீர்கள். அப்பாவும் பத்திரமாக இருக்கிறார், அடுத்த விமானத்தில் வருகிறார் என்பதையெல்லாம் நான்தான் கேட்டு வந்து சொன்னேன். “உறுதியா?” என்றீர்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “உறுதியா” என்றேன்.

அப்பாவும் வந்து சேர்ந்த பிறகு அவர்கள் ஷீபாவை ஊருக்கு அழைத்துப் போனார்கள். கார் கிளம்பியதும் தலைமையாசிரியர் வராந்தாவிலிருந்து கேட்டார், பொது அலமாரிக்கு அந்தப் பிள்ளையின் துணிகள் வந்துவிட்டனவா என்று. பெட்டியோடு அத்தனையும் காரில் போவது அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

“இன்னும் காயல, சார்” என்றீர்கள்.

அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு எத்தனையோ விபத்துகள், வெள்ளங்கள் பற்றி எழுதிவிட்டேன். காணாமல் போனவர் பெயரை இறந்தவர் வரிசைக்கு மாற்றச் சொல்லிச் செய்தி டெஸ்க்கில் அவசரப்படுத்தும்போதெல்லாம், “இன்னும் தெரியலப்பா, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மறுபடி போனை எடுப்பேன். என்னை மந்தமானவன் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அது உங்களிடம் பார்த்தது என்று அவர்களிடம் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் நீங்கள் எங்களை விட்டுப் போனீர்கள். இப்போது ஆட்டோவில் போகும்போது என் தோளில் மொபெட் காலத்து அதே பை. வெளியூர் போகிறவன் பையில் இருக்கட்டும் என்று நீங்கள் மூடியின் உள்பக்கம் குத்திக்கொடுத்த ஊசி, நூல் சுற்றியபடி இன்னும் அதில் இருக்கிறது. நூல் தீரத் தீர மாற்றியிருக்கிறேன், ஊசி அதேதான். எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

“என்ன சார், ஊசியெல்லாம் வெச்சிருக்கீங்க? டெய்லரா?”

“இல்லம்மா. எங்க அண்ணி குடுத்தது.”

ஓடுகிற ஆட்டோவில் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தைத்தாள். தொங்கிய மூலையை மட்டும் ஒட்டிவிட்டு நூலைக் கடிக்கப் போனாள்.

“நாலு பக்கமும் தைச்சிடும்மா,” என்றேன். “ஒரகடம் வர இன்னும் நேரம் இருக்கு.”