சிவப்பு லேசருக்கு மீன்கார ஐஸ்

சார், ரயிலேறப் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் அரியலூர் வந்தவன், சோப்பு வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். பில் போடும் பெண் கையிலிருந்த கருவியை நீட்ட, சோப்பின் மேல் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. உங்கள் நினைப்பு வந்துவிட்டது. ரயில் போய்விட்டது. போகட்டும், மச்சினன் பேத்தி காதுகுத்துதான். காது எங்கும் ஓடிவிடாது.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தபோது, கல்லூரியிலிருந்து வந்தும் நீங்கள் ஓய மாட்டீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் நீங்களே செய்த கடுகளவு சிவப்பு லேசரில் பாட்டை ஏற்றி, எதிர்வீட்டு மாடியில் வைத்த பெட்டியில் பாட வைப்பீர்கள். கம்பி கிடையாது, வெளிச்சமே பாட்டைச் சுமந்து போகும். குறுக்கே ஏதாவது போனால் பாட்டு நிற்கும். அதை வைத்தே குறுக்கே ஏதோ போனதைக் கண்டுபிடிக்கலாம் என்பீர்கள். வில்லன் வெயில்தான். சூடேறினால் லேசர் மங்கிவிடும்.

"ஊட்டிக்குப் போய்ச் செய்யலாமே சார்?"

"ஊட்டியில யாருண்ணே மயங்குவா? பெரம்பலூர் வெயில்ல நின்னாத்தான் அது லேசர்."

இந்த வேலையைத் தொடரலாமா, மூட்டை கட்டலாமா என்று முடிவு சொல்லச் சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்தது ஒரு சித்திரை மத்தியானம். லேசர் மங்கியது, உங்கள் முகமும். நான் ஓடிப்போய் மீன்காரரிடம் ஐஸ் வாங்கிவந்து, பையோடு அதன் அடியில் செருகினேன். வெளிச்சம் தெளிந்தது, பாட்டு வந்தது. மீன் வாடைக்குப் பூனையும் வந்தது. அது லேசரைச் சுற்றிச் சுற்றி நடக்க, பாட்டு விட்டு விட்டுக் கேட்டது.

"என்னங்க, பாட்டு விக்குது?" என்றார் பெரிய அதிகாரி.

"பூனை போவுதுங்க. குறுக்க எது போனாலும் காட்டிக் குடுத்துடும்" என்றேன் நான்.

அவர் சிரித்துவிட்டார். காரியம் ஆயிற்று என்று நான் துண்டை உதறும்போது, நீங்களே வாயைத் திறந்தீர்கள். "அடியில ஐஸ் இருக்குங்க. இல்லாட்டி இந்நேரம் நின்னிருக்கும்."

அவர்கள் போனதும் சண்டைக்கு வந்தேன். "யாராச்சும் கேட்டாங்களா சார்?"

"இத நம்பி ஒருத்தன் சிமெண்டு ஆலையில தூசி பாக்க வைப்பான்ணே. அவன் பின்னாலயே நீங்க ஐஸ் தூக்கிட்டுப் போவீங்களா?"

அடுத்த கோடை வரை அவகாசம் தந்தார்கள். அந்தக் கோடையில், நீங்கள் திருத்திச் செய்த லேசர் ஐஸ் இல்லாமலே மத்தியானம் முழுக்கப் பாடியது. பூனை வந்து மோந்து பார்த்து, சலித்துப் போய்விட்டது.

நீங்கள் மாடியைக் காலி செய்து போன பிறகு, டீக்கடையில் உங்கள் கதையைச் சொல்கிறேன். என் வாய்க்குள் போகிற ஆடு யானையாகத்தான் வெளியே வரும், உங்களுக்கே தெரியும். உங்கள் லேசரை நிலா வரைக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்த ஐஸை மறைக்க மட்டும் நாக்கு எழவில்லை, சார்.