தையல் மிஷின் வரைந்த சுவர்

5.11.1989, ஞாயிறு

தெருவே சிரித்தது. என் வீட்டுச் சுவரில் நானே வரைந்த தையல் மிஷினைப் பார்த்துப் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "மாமா, கழுதைச் சின்னம் எந்தக் கட்சிக்கு?" என்றார். எட்டாவது வரை படித்தும் ஒரு சக்கரம் வட்டமாக வரவில்லை.

வரையச் சொன்னது மகள் அங்காளம்மாள். இருந்த எம்.பி. இந்தத் தடவை நிற்கவில்லை. காலி இடத்துக்குப் பெரிய ஆட்கள் முட்டிக்கொள்ள, நடுவில் சேத்தூர் வேலுத்தாய் தையல் மிஷின் சின்னத்தில் சுயேச்சையாக நிற்கிறார். எங்கள் நூல் மில்லில் கோன் ஓட்டியவர், கோனில் நூல் சுற்றுகிற வேலை. பெண்களுக்குக் கக்கூஸ் கேட்டு வேலையை இழந்தவர். மகளும் அங்கேதான் கோன் ஓட்டுகிறாள். நான் வேறு என்ன சொல்ல? பிரஷ்ஷை எடுத்தேன்.

7.11

சூப்பர்வைசர் சங்கிலிப்பாண்டி கூப்பிட்டார். தேர்தலுக்குத் தேர்தல் என் சுவரில் கேட்காமலே சுண்ணாம்பு அடித்து, முதலாளி சொல்லும் கட்சியை எழுதுகிறவர்கள் அவருடைய ஆட்கள்தான்.

"ஏலே, ஞாயித்துக்கிழமைக்குள்ள அழிச்சிரு. இல்லேன்னா ஒனக்கு புளோரூம்தான்."

புளோரூம் என்றால் பஞ்சை உதறும் அறை; எங்கும் பஞ்சுத்தூசி. என் நெஞ்சுக்கு ஆகாது. அவருக்கும் தெரியும்.

"அழிக்க மாட்டேன் அண்ணாச்சி. வேணும்னா சக்கரத்தைத் திருத்துதேன்."

எங்கிருந்து வந்தது இந்த வாய்?

12.11

சக்கரத்தைத் திருத்தினேன். இப்போது ஆடு மாதிரி இருக்கிறது.

13.11

புளோரூம். சாயங்காலம் கண்ணாடி பார்த்தால் தலை, மீசை எல்லாம் வெள்ளை. மகள் அழுதாள். "நானே அழிச்சிருதேன்பா." தொட்டால் கையை முறிப்பேன் என்றேன். இருமல் வந்து வீரத்தைக் கெடுத்தது.

25.11

ஓட்டுப்பதிவு முடிந்தது. மகளுக்கு முதல் ஓட்டு. குழாயடியில் சங்கிலிப்பாண்டியின் மனைவி சண்முகத்தாய் அவள் காதருகே வந்து, "ஏட்டி, நானும் தையல் மிஷின்லதான் குத்துனேன். கல்யாணத்துக்கு முந்தி நானும் அந்த மில்லுல கக்கூஸ் இல்லாம அடக்கிக்கிட்டு நின்னவதான. அவியகிட்ட சொல்லிராத" என்றாளாம்.

29.11

வேலுத்தாய்க்கு டெபாசிட் போய்விட்டது. புளோரூம் வாசலில் அத்தனை பேர் முன்னால் சங்கிலிப்பாண்டி கேட்டார்: "என்னலே, ஒன் வீட்டைத் தவிர எவனும் போடலியாமே? எங்க வீட்டுல எல்லாரும் நான் சொன்ன எடத்துலதான் குத்துனாக. ஆம்பளைன்னா அப்படி இருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் செத்த நேரம் சிரித்தேன். பொறவு, "அடுத்த தேர்தலுக்கும் எஞ்சுவரு வேலுத்தாய்க்குத்தான் அண்ணாச்சி" என்றேன்.

'உங்க வீட்டுலயும் ஒண்ணு எங்க பக்கம்' — நாக்கு நுனிவரை வந்தது. பஞ்சுத்தூசியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.