விடுபட்ட இரண்டு குளிசைகள்

இன்று கொட்டாஞ்சேனை அச்சகத்திலிருந்து புதிய தாள்கள் வந்தன. கட்டைப் பிரித்ததும் மை மணந்தது. மின்சாரம் கொடுத்து இதயத் துடிப்பை நேராக்க வருபவர்களுக்கான அறிவுறுத்தல், மூன்று மொழிகளில். நான்காவது வரி நான் கேட்டுப் போட்டது: ‘சாப்பிட வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்கத் தந்த குளிசையை மட்டும் ஒரு வாய் தண்ணீருடன் கட்டாயம் விழுங்கவும்.’

“நல்ல யோசனை, சிஸ்டர்” என்றார் டொக்டர். நான் தாள்களை எண்ணி அலுமாரியில் வைத்தேன்.

உன் துடிப்பு தாறுமாறானபோதும் நீ பகிடிதான் விட்டாய். “என்ர நெஞ்சுக்குள்ள காலி வீதி பஸ் ஓடுதடி. நினைச்ச இடத்தில நிக்குது, நினைச்ச இடத்தில பாயுது.” வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த காலத்து வாய் அது.

எங்கள் பிரிவுக்கு மயக்க மருந்து டொக்டர் புதன்கிழமை காலையில் மட்டுமே வருவார். அவசர சத்திரசிகிச்சை வந்தால் அதுவும் இல்லை. அப்படி இரண்டு முறை உன்னைப் பட்டினியோடு திருப்பி அனுப்பினோம். மூன்றாம் முறை நானே பாமன்கடையில் உன் வீட்டுக்குப் போன் எடுத்தேன். வேறு வேலை தலைக்கு மேல் இருந்தது. “இண்டைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டும் வாயில வைக்காத” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் உன் நெஞ்சில் மின்சாரம் கொடுக்கும் ஒட்டுகள் ஒட்டியாயிற்று. மயக்க மருந்தையும் ஊசிக்குள் இழுத்தாயிற்று. டொக்டர் கடைசியாகக் குளிசையைப் பற்றிக் கேட்டார். நீ பெருமையாகச் சொன்னாய்: “ஒண்டும் வாயில வைக்கேல்லை டொக்டர். இரவுக் குளிசையும் இல்லை, காலமைக் குளிசையும் இல்லை.”

அவர் ஊசியைக் கீழே வைத்தார். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால், துடிப்பு நேராகும்போது அது மூளைக்குப் போகக்கூடும். குளிசையை ஒரு வேளையும் விடாமல் போட்டு மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

பதினோராம் நாள் உனக்குப் பக்கவாதம் வந்தது. அந்த இரண்டு குளிசைதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாதாம். செத்தவீட்டில் வந்தவர்களுக்கு நான்தான் தேநீர் கொடுத்தேன். அழுகை வரவில்லை, இன்னும்தான். உன் மகள் கேட்டாள்: “அன்ரி, அம்மா ஏன் அண்டைக்குக் குளிசையை விட்டவா?” தெரியாது என்றேன்.

உனக்குச் சொல்கிறேன், அது என் பிழை. அன்று டொக்டர் திருப்பி அனுப்பியதும் நீ சட்டையைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாய். “என்ர பிழையடி. உனக்கும் கரைச்சல் குடுத்திட்டன்” என்றாய்.

நான் “பரவாயில்லையடி” என்று உன்னை மன்னித்தேன்.