எங்கள் வாசல் சாய்தளம்

பிப்ரவரி 3

வேலைக்குக் கிளம்பும்போது வாசல் சுவரில் நகராட்சி நோட்டீஸ். பசை கூட காயவில்லை. சாக்கடைக்கு மேல் யார் எதைக் கட்டியிருந்தாலும், படியோ மேடையோ சாய்தளமோ, இடித்துவிடுவார்களாம். புதிய துணைவிதி. ஆட்சேபணை இருந்தால் மன்றக் கூட்டத்தில் நேரில் சொல்லலாமாம்.

எங்கள் வாசலில் இருப்பது சாய்தளம். மேஸ்திரி பக்கத்தில் நின்று நான் கட்ட வைத்தது. அது இருப்பதால்தான் என் வீட்டுக்காரர் யார் தயவும் இல்லாமல் சக்கர நாற்காலியில் இறங்கி, தெருமுனையில் இருக்கும் சாவிக் கடையைத் திறக்கிறார். மாலையில் தானே ஏறி வருகிறார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வர இருட்டிவிடும். சாய்தளம் போனால் இவர் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நோட்டீஸின் அடியில் நாலாவது பெயர் என் தம்பியுடையது. எங்கள் வார்டு கவுன்சிலர். இவனுக்காகத்தான் நான் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டேன்.

பிப்ரவரி 4

தம்பி வந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை. அவனே உட்கார்ந்தான்.

"சாக்கடைய மூடி வெச்சா எப்படிக்கா தூர் வாருறது? மழைக்குள்ள வாரலைன்னா தெருவே முழுகிடும். முட்டி மோதி இந்த பட்ஜெட்ல பணம் வாங்கி வெச்சிருக்கேன். செலவழிக்கலைன்னா அடுத்த வார்டுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க."

"உன் மாமா எப்படிடா இறங்குவாரு?"

"பலகை செஞ்சு தரேன். போட்டு எடுத்துக்கலாம்."

யார் போடுவது? யார் எடுப்பது? நான் ஆஸ்பத்திரியில் போர்வைகளைக் கட்டி அடுக்கிக்கொண்டிருக்க, இவர் தெருவில் போகிற வருகிறவனை எல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டுமா? எங்களுக்கு மட்டும் விலக்கு கொடு என்றேன். அக்கா வீட்டுக்குச் சலுகை என்று ஊர் காறித் துப்புமாம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவன் சதையெல்லாம் பதவி நாற்காலியில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். என் தம்பியோடு நான் சண்டை போடும்போது இவர் எதற்கு நடுவில்?

பிப்ரவரி 5

டீ கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். நல்ல வேலை செய்தேன்.

பிப்ரவரி 19

பட்ஜெட் கூட்டத்துக்குப் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். கூட்ட அரங்குக்குப் புது ஏசி. பூங்காவில் நின்றுபோன நீரூற்றுக்கு மறுபடியும் மோட்டார். தலைவர் அம்மா "ஆட்சேபணை இல்லையே நிறைவேறியது" என்பதை ஒரே மூச்சில் சொல்கிறார். நடுவில் மூச்சு விட்டால் யாராவது கை தூக்கிவிடுவார்கள் என்ற பயம் போல. தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. கொழுப்பு.

இறங்கி வரும்போதுதான் உறைத்தது. அரங்கு மாடியில். லிஃப்ட் கிடையாது. "நேரில் வந்து" சொல்லச் சொல்லியிருக்கிறார்களே, இவர் எப்படி நேரில் வருவார்?

வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு.

மார்ச் 6

இன்று ஆட்சேபணை கேட்கும் கூட்டம். இவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் நகராட்சி மாடிப்படியின் அடியில் நிறுத்தினேன். குமாஸ்தா எட்டிப் பார்த்து, "மேல வாங்கம்மா" என்றார்.

"அவங்கள கீழ வரச் சொல்லுங்க. நேர்ல கேக்குறோம்னு நீங்கதான் ஒட்டியிருக்கீங்க. கேக்காம நிறைவேத்துனா கோர்ட்ல பாத்துக்குவோம்."

வந்தார்கள்! தலைவர் அம்மா முதற்கொண்டு அத்தனை பேரும் இறங்கி வந்து, நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நெளிந்துகொண்டு நின்றார்கள். நான் பிடிபிடி என்று பிடித்தேன். இவர் "நான் ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார். தோளை அழுத்தினேன், கெடுத்துவிடுவார் என்று பயம். அங்கேயே திருத்தம் போட்டார்கள்: சாய்தளங்களுக்கு விலக்கு.

மார்ச் 7

திருத்தத்துக்கு எதிராக ஒரே ஒரு கை. அந்தக் கையைப் பிடித்துத்தான் நான் அவனுக்கு நடை பழக்கினேன்.

ஏப்ரல் 12

எதிர்வீட்டுக்காரர், அதுதான் ரெண்டு கார்க்காரர், தன் படிகளின் மேல் சிமெண்டைக் கொட்டிச் சரிவாக்கிவிட்டார். எங்கள் கூடத்தை விடப் பெரியது. "நீங்க காட்டுன வழிதாம்மா" என்று கும்பிடு வேறு. அவரைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. இப்போது தெருவில் படியே இல்லை; எல்லாம் சாய்தளம். தம்பி முகத்தில் கரி. நான் நன்றாகச் சிரித்தேன்.

மே 20

தூர் வாரும் வண்டி வந்தது. குழாயை இறக்க ஒரு சாண் இடமில்லை. திரும்பிப் போய்விட்டது. பணம் அடுத்த வார்டுக்குப் போகிறதாம். தம்பி வெயிலில் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தான். ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூன் 16

நேற்று மாலையிலிருந்து அடைமழை. தெருவில் எங்கள் வீடுதான் பள்ளம். சாக்கடை எதிர்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. நாற்காலியின் சக்கரம் பாதி முழுகி நிற்கிறது. இவர் கட்டில் மேல். நான் கட்டிய சாய்தளம் தண்ணீருக்குள் எங்கே என்றே தெரியவில்லை. நாத்தம்... சே, யார் கண்ணு பட்டுச்சோ! எல்லாம் அந்த ரெண்டு கார்க்காரனால வந்தது என்று கத்தினேன்.

இவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

"என் பேரைச் சொல்லி அக்காவும் தம்பியும் இத்தனை மாசம் மல்லுக்கட்டுனீங்க. நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"என்ன கேக்கணும்?"

"உன் சாய்தளம் செங்குத்தா இருக்கு. இறங்கிடுவேன். ஒரு நாள் கூட நானா ஏறுனதில்ல."

நம்பவில்லை. தினமும் நான் வரும்போது வீட்டுக்குள்தானே இருக்கிறார்?

"அப்ப யாரு ஏத்தி விட்டா?"

"உன் தம்பி."

கட்டிய நாளிலிருந்தாம். சண்டை வந்த பிறகும் கூட. மாலையில் கடைக்கு வந்து தள்ளிக்கொண்டு வந்து உள்ளே விட்டுவிட்டு, நான் வருவதற்குள் போய்விடுவானாம்.

"நீ ஆசையா கட்டுனது. மனசு கஷ்டப்படுவேன்னு நான்தான் அவனைச் சொல்ல வேணாம்னேன். பலகைன்னா காலையில பக்கத்து டீக்கடைக்காரர் போட்டு எடுத்து வெப்பாரு, சாயங்காலம் அவன். ரெண்டு தடவை சொல்ல வந்தேன். நீ எங்க விட்ட?"

அழுக்குத் தண்ணீரை வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினேன்.

ஜூன் 17

அவனாவது சொல்லியிருக்கலாம். அழுத்தக்காரன். அவன் மேல் இன்னும் கோபம்தான்.

ஜூலை 3

விலக்கை ரத்து செய்ய மறுபடியும் விசாரணை. இம்முறை கேட்காமலேயே கீழே இறங்கி வந்தார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, நான் தூணோரம் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இவர் பேசினார்: "என்னைக் காட்டி வாங்குன விலக்கு எனக்கு வேணாம்." அவ்வளவுதான். விலக்கு ரத்து.

ரெண்டு கார்க்காரர் என்னிடம் பாய்ந்தார். "வழி காட்டுனதும் நீங்க, இப்ப காலை வாருறதும் நீங்களா?" தெருவில் இனி யாரும் என்னோடு பேச மாட்டார்கள். பேச வேண்டாம். பேசி என்ன கிழித்தார்கள்?

ஜூலை 11

முதலில் எங்கள் வாசலை இடிக்கச் சொன்னேன். மேஸ்திரி அதே ஆள். ஏனென்று கேட்கவில்லை.

ஜூலை 14

ஷிப்டை மாற்றிக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே வந்தேன். தெருமுனையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தம்பி. இவர் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. வாசலில் சாய்த்திருந்த பலகையை எடுத்துப் போட்டான். அது ஒரு பக்கம் ஆடியது.

"ஒரு பலகையை ஒழுங்கா போடத் தெரியாது, நீ எல்லாம் ஒரு கவுன்சிலரு" என்றேன். பிப்ரவரிக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"நீ புடி அந்தப் பக்கம்" என்றான்.

குனிந்து பிடித்தேன்.