பெயர் எழுதிய கேக்

அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? தித்துவானின் இருமல் நின்றதா? நான் சுகம்தான், பதறாமல் படியுங்கள்.

"வேலை தலைக்கு மேல இருக்கு" என்று போன வாரம் எங்கள் மகன் தித்துவானின் பிறந்தநாளுக்கு வராத கயேல், இன்று லியோனில் நான் வேலை பார்க்கும் கேக் கடைக்கே வந்தான். கை நிறையத் துணிக்கடைப் பைகள், கூடவே புதுக் காதலி. உள்ளே கிரீம் தடவிக்கொண்டிருந்த என்னை அவன் பார்க்கவில்லை. ஸ்ட்ராபெரி கேக் கேட்டார்கள். பிறந்தநாள் கேக்கில் வைக்கும் பாதாம் வில்லையில் 'தித்துவான், நான்கு வயது' என்று சாக்லேட்டால் எழுதி, கேக்கின் மேல் பதித்து, நானே அவர்கள் முன் கொண்டுபோய் வைத்தேன்.

"யாருங்க இந்தக் குட்டி?" என்றாள் அவள்.

"பக்கத்துல இருக்கிற அவன் அப்பாவையே கேளுங்க மேடம். பிறந்தநாளுக்குத்தான் நேரமில்ல, ஷாப்பிங்குக்கு இருக்கே!"

"இங்க வேண்டாம், சொலேன்..." என்றான்.

"உனக்குப் பிள்ளை இருக்கா?" என்று கத்திவிட்டு அவள் பைகளோடு வெளியேறினாள். எனக்கு அவ்வளவு இனித்தது, அம்மா.

கேக்கைப் பெட்டியில் கட்டி அவன் கையில் திணித்தேன். "காம்பேருக்கு, அம்மா வீட்டுக்கு ரயில் இருக்கு. போய் உன் மகன்கிட்ட கொடு."

தித்துவானின் தலையணை உறை ஒன்றைத் துவைக்காமல், அவன் வாசனையோடு அனுப்புங்கள். கண் சொக்குகிறது, முடிக்கிறேன். கயேல் வந்தால் உள்ளே விடுங்கள். ஆனால் அந்தக் கேக்கில் அவனுக்கு ஒரு துண்டுகூட வெட்டிக் கொடுக்காதீர்கள்.

சொலேன்