அரைப் பேர்

அன்புள்ள மகள் தனுஜாவுக்கு,

அப்பா இன்று எழுந்து உட்கார்ந்து தானாகவே கஞ்சி குடித்தார். அந்தச் சந்தோஷத்தோடு, கர்த்தர் உன்னையும் மட்டக்களப்பில் சுகமாக வைத்திருக்கிறார் என்று நம்பி எழுதுகிறேன். பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. நர்சிங் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய், வார்டிலிருந்து வந்து ஜெபிக்க உட்கார்ந்தால் "கர்த்தாவே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை, பாதியில் தூங்கிவிடுகிறேன், ஞாயிறு ஆராதனையும் இல்லை, இப்படிப்பட்டவளை அவர் எதற்கு நடத்த வேண்டும் என்று எழுதியிருந்தாய். வாசித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்ற பயம் வேறு.

உன்னிடம் அப்போது சொல்லவில்லை, அப்பாவுக்கு எலிக்காய்ச்சல் கடுமையாகி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மழையோ விடவில்லை, ரப்பர் மலையில் பால்வெட்டும் இல்லை. பக்கத்து வீட்டு மூக்காயி அக்காதான் தம்பியைப் பார்த்துக்கொண்டார், எனக்குச் சோறும் கட்டிக் கொடுத்தார், கூடவே "என்ன டீச்சர், ஒங்க சாமிக்குக் காது மந்தமா, நான் வேணும்னா எங்க மாரியாத்தாகிட்ட ஒரு வார்த்த போட்டு வைக்கவா" என்று கிண்டலும் செய்தார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, ஜெபிக்கவும் முடியவில்லை. கட்டிலருகே கண்ணை மூடினால் இரண்டு வார்த்தையோடு நின்றுவிடும்.

அப்படியிருக்கும்போது அப்பா காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தார். கங்காணியோடு சண்டை. "பாதி மரம் வெட்டையில மழ வந்தா நான் என்னங்க பண்றது, வந்ததுக்கு அரைப் பேராச்சும் போடுங்க" என்று ஒரே கத்தல். சிங்கள நர்ஸ் ஓடிவந்து நோயாளியின் பேர் எழுதிய கட்டில் டிக்கட்டைப் பார்த்துவிட்டு, "முழுப் பேர் சரியா எழுதியிருக்குதானே, ஏன் பாதி கேக்கிறார்" என்றார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம் என்று அவருக்குச் சிங்களத்தில் விளக்குவதற்குள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்து, "ஆண்டவரே, எனக்கும் அரைப் பேராவது போடுங்க" என்றேன். அன்று என் ஜெபம் அவ்வளவுதான், மறுநாளும் அதேதான். பிறகு காய்ச்சல் இறங்கியது, ஸ்தோத்திரம். ஆனால் இறங்காத நாட்களிலும் கர்த்தர் என்னைத் தள்ளவில்லை, அதற்குத்தான் அதிகமாக நன்றி சொல்கிறேன். மழை நாளில் நம்முடைய கங்காணியே இரங்கி அரைப் பேர் போடுகிறபோது ஆண்டவர் இரங்கமாட்டாரா?

ஆகையால் மகளே, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டே தூங்கு, விடிந்ததும் யூனிஃபோமைப் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போ. வெறும் பிளேன்டீயோடு டியூட்டிக்குப் போகாதே. நீ தொடுகிற நோயாளிகளுக்கும் உனக்கும் கர்த்தர் துணையிருப்பாராக. லீவு கிடைத்தால் வா, விட்டுவிட்டு வராதே. பெட்டி கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடு.

உன்னை ஆசீர்வதிக்கும்
அம்மா விஜயகலா